எந்தத் தோட்டம்?

கூலிமிலிருந்து கராங்கான் வழியாகச் செர்டாங் போய்ச் சேர்ந்தேன். செர்டாங் என்பது மலாயில் ஒரு வகைப் பனையின் பெயர். ஒட்டுக்கடையில் தேத்தண்ணி கலக்கிய பாட்டி என் பெயரைக் கேட்டார். சொன்னதும் அடுத்த கேள்வி: "எந்தத் தோட்டம்யா?"

வானொலியில் என்னோடு பேசும் நேயர்களும் அப்படித்தான். பெயரையும் தோட்டத்தையும் சேர்த்தே சொல்வார்கள்.

ஆங்கிலேயருக்குக் குடும்பப்பெயர் தலைமுறை தாண்டித் தொடரும். அரிய பெயரென்றால், 1881ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புரட்டி, அது எந்த வட்டாரத்தில் கூடியிருந்தது என்று தேடுகிறார்கள். நமது அடையாள அட்டையிலோ அப்பா பெயர் மட்டுமே: 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்'. என் மகனின் அட்டையில் என் பெயர் இருக்கிறது; அவன் தாத்தாவின் பெயர் விழுந்துவிட்டது.

அதனால் தோட்டமே நமக்குக் குடும்பப்பெயர் ஆனது. இந்தப் பக்கம் டப்ளின், சோம் என்று தோட்டங்கள். ஒன்று அயர்லாந்தின் தலைநகர்; மற்றது பிரான்சில் ஓடும் நதி. கண்ணால் பார்க்காத இடங்களின் பெயர்களை நம்மவர்கள் சொந்தமாக்கிக்கொண்டார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிள்ளைகள் பட்டணம் போனார்கள். சோம் தோட்டத் தமிழ்ப்பள்ளி அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

"டப்ளின், பாட்டி. தாத்தா அங்கே மரம் வெட்டினவர்."

"தாத்தாவோட அப்பா பேரு?"

எனக்குத் தெரியவில்லை. இரவு அத்தைக்குப் போன் செய்தேன். அவருக்கும் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் பெரியவர் இருந்தால், இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.