4800-க்கும் 5376-க்கும் நடுவே

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இந்த எண்ணைத் தானாகவே கண்டெடுத்த பத்தாம் வகுப்பு மாணவியை, வகுப்பில் அத்தனை பேர் முன்னாலும் வாயடைத்து உட்கார வைத்தவன் நான்.

அப்போது தாடிக்கொம்பில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்தநாள். அதற்காக மாதத் தொடக்கத்திலேயே, 1915-இல் லண்டன் கணிதக் கழக இதழில் வெளிவந்த அவருடைய கட்டுரையின் அட்டவணையைச் சார்ட் தாள்களில் எழுதி ஒட்டினேன். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்கள் அவை. 12-க்கு 6 காரணிகள். அதற்குக் கீழே எதற்கும் அத்தனை கிடையாது. 24-க்கு 8, 60-க்கு 12. இப்படியே 102 எண்கள். கடைசி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்கு 10,080 காரணிகள். கணினி இல்லாத காலத்துக் கணக்கு, ஒரு பிழை கிடையாது என்று வகுப்பில் சொன்னேன். நான் சரிபார்த்ததே இல்லை.

மறுநாள் அவள் எழுந்தாள். "சார், கடைசி எண்ணைப் பகாக் காரணியா பிரிச்சுப் பார்த்தேன். 23 ஒரே தடவைதான் வருது. அதை எடுத்துட்டா காரணி பாதியாகி 5040 ஆகுது. அந்த எண்ணு சார்ட்ல இல்லையே சார்."

சார்ட்டில் 4800 காரணிகள் உள்ள எண்ணுக்கு அடுத்து, நேரே 5376 காரணிகள் உள்ள எண். இவள் சொன்ன எண் மதிப்பிலும் அவை இரண்டுக்கும் நடுவே விழுகிறது. அப்படியானால் அது பட்டியலில் இருந்தே ஆக வேண்டும்.

நோட்டைக்கூட நான் வாங்கிப் பார்க்கவில்லை. "ராமானுஜன்கிட்டயே தப்பு கண்டுபிடிக்கிறியா? முதல்ல காலாண்டுல நீ வாங்கின மார்க்கைப் பாரு" என்றேன். வகுப்பு சிரித்தது.

இரவு வீட்டில் போட்டுப் பார்த்தேன். 2-இன் அடுக்கு 6, 3-இன் அடுக்கு 4, 5-க்கும் 7-க்கும் அடுக்கு 2, பிறகு 11, 13, 17, 19 ஒவ்வொரு முறை. அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் 7 × 5 × 3 × 3 × 16. சரியாக 5040. ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண் என்று கணித அறிஞர்கள் ஏற்கெனவே குறித்து வைத்திருப்பதும் இதைத்தான் என்று பிறகு படித்தேன். இதனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஆராய்ச்சிக்குத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் பி.ஏ. பட்டம் கொடுத்தது. பெரியவர் பெயரை எடுத்து ஒரு பிள்ளையின் கேள்வியை அடித்தேனே, அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

அடுத்த நாளே சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் முன்னால் இறங்கிப் போக மனம் வரவில்லை. அரையாண்டு வந்தது, திருப்புதல் தேர்வு வந்தது, நாள் போய்விட்டது. சார்ட்டை மட்டும் யாரும் இல்லாத நேரத்தில் கழற்றிவிட்டேன்.

அடுத்த புரட்டாசிச் சனிக்கிழமை, சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் தரிசன வரிசையில் அவளைப் பார்த்தேன், அம்மாவோடு நின்றிருந்தாள். "வணக்கம் சார்" என்று அவளே முந்திக்கொண்டாள். என்ன குரூப் என்று கேட்டேன்.

"காமர்ஸ் சார். கணக்கு நமக்கு வராதுன்னு விட்டுட்டேன்."

நீ சொன்ன 5040 சரிதான் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். "நல்லா படிம்மா" என்று சொல்லிவிட்டு, என் வரிசையில் போய் நின்றுகொண்டேன்.