கடலைப் பிளந்தவரிடம் ஒரு முறைப்பாடு

சங்கீதம் 74ஐ எங்கட பக்கத்தில பெரும்பாலும் நடுவிலயிருந்துதான் எடுத்து வாசிப்பினம். கடவுள் கடலைப் பிளந்தார், லிவியாதானின் தலைகளை நசுக்கினார் எண்ட பகுதி. வாசிச்சு, ஆமென் சொல்லி, முடிஞ்சுது. எனக்கு அந்த வாசிப்பில உடன்பாடு இல்லை.

அந்தப் பாட்டு தொடங்கிறது எரிஞ்ச கோயிலுக்கு முன்னால. எதிரிகள் சித்திர வேலைகளைக் கோடரியால் கொத்தி, நெருப்பு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை அழித்ததையே இது சொல்கிறது என்பது பலருடைய கருத்து. தீர்க்கதரிசியும் இல்லை, இது இன்னும் எவ்வளவு காலத்துக்கு என்று சொல்ல ஆளும் இல்லை எண்டு புலம்பின பிறகுதான் கவிஞர் கடலுக்கு வாறார்.

வந்து எப்பிடிக் கதைக்கிறார் எண்டு பாருங்கோ. 13 தொடக்கம் 17 வரையான ஐந்து வசனங்களுக்குள் 'நீர்' என்ற சொல் எபிரேயத்தில் ஏழு தரம் வருகிறது. எபிரேய வினைச்சொல்லிலேயே 'நீர்' அடங்கியிருக்கும், தனியாச் சொல்லத் தேவையில்லை. (தமிழிலயும் அப்பிடித்தானே.) அப்ப ஏன் ஏழு தரம்? செய்தது நீர்தானே, நீர்தானே எண்டு விரல் நீட்டுற மாதிரித்தான் எனக்குக் கேக்குது. அப்ப செய்தவர் இப்ப ஏன் பேசாமல் இருக்கிறார்?

இத்தனைக்கும் கதை அயலவருடையது. சிரியாக் கரையில் ராஸ் ஷம்ராவில் 1929இல் தொடங்கிய அகழ்வில் கிடைத்த களிமண் பலகைகளில், பாகால் தெய்வம் 'யம்' என்ற கடல் தெய்வத்தை அடித்து வீழ்த்துகிறது. எபிரேயத்தில் கடலுக்கான சாதாரணச் சொல்லும் அதேதான். ஏழு தலைப் பாம்பும் அங்க இருக்கு. அந்தப் பழைய வெற்றிக் கதையை எடுத்து, தோத்துப்போன ஒருவர் தன் கடவுளிடம் வழக்குப் பேசுகிறார். தீர்ப்பு வரேல்ல. பாட்டு முடியும்போது எதிரிகளின் இரைச்சல்தான் கூடுது.

சங்கீதம் 89ம் இப்பிடித்தான்: முதல் பாதியில் கடலை அடக்கியவருக்குத் துதி, பிறகு மண்ணில் விழுந்த கிரீடம்.

யோபுவின் கதை இன்னும் கடினம். தன்னைக் காவலில் வைக்கிறதுக்குத் தான் என்ன கடலோ எண்டு 7ஆம் அதிகாரத்தில் கேட்கிறார். 38ஆம் அதிகாரத்தில் பதில் வருது. அங்க கடல் எதிரியே இல்லை. இப்பதான் பிறந்த பிள்ளை. மேகம் அதுக்கு உடுப்பு, இருள் அதைச் சுத்தின துணி. கதவும் தாழ்ப்பாளும் போட்டு எல்லையும் வைச்சிருக்கு. அவ்வளவு அழகான கவிதை. யோபு இழந்த பத்துப் பிள்ளைகளைப் பற்றி அதில ஒரு சொல்லும் இல்லை.