வில்லங்கச் சான்றிதழில் வராத வில்லங்கம்

காரைக்காலில் பழைய வீடு வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியதை எல்லாம் நன்றாகத்தான் பார்க்கிறார்கள். மூலப்பத்திரம் இருக்கிறதா, வில்லங்கம் சுத்தமா, வாரிசுகளில் யாராவது பிரான்சில் இருந்துகொண்டு கையெழுத்துக்கு இழுத்தடிப்பாரா, உத்தரத்தில் கரையான் உண்டா, போர் தண்ணீர் உப்பா, வாசல் எந்தத் திசை. இத்தனையும் கேட்ட பிறகுதான் அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். கொல்லைப்புறத்தில் சமையல்கட்டை ஒட்டி இறக்கியிருக்கும் ஷீட் கூரையை மட்டும் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

நம்மூர்ப் பழைய வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், மேலே நாட்டு ஓடு அல்லது சீமை ஓடு. கொல்லையில் மட்டும் கீற்று. கீற்றை அடிக்கடி மாற்ற வேண்டும், அடுப்புப் பொறி பட்டால் போச்சு. அதனால் கையில் கொஞ்சம் காசு வந்ததும் பலரும் ஆஸ்பெஸ்டாஸ் போட்டார்கள். கடற்காற்றில் துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, தீப்பிடிக்காது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கீற்றுக் கூரை பற்றியெரிந்து 94 குழந்தைகள் இறந்த பிறகு, கீற்று என்றாலே நமக்கெல்லாம் ஒரு நடுக்கம். அந்தச் சாம்பல் நிற ஷீட்டைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அதற்குத் தமிழில் கல்நார் என்று பெயர். பொருத்தமான பெயர். பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் கல்தான், ஆனால் பஞ்சு மாதிரி நார் நாராகப் பிரியும். நான் படித்த பிரெஞ்சில் அதை 'அமியாந்த்' என்பார்கள். கிரேக்கத்திலிருந்து வந்த சொல். மாசில்லாதது என்று பொருள்! நெருப்பில் போட்டாலும் கறைபடாது என்பதால் வைத்த பெயராம்.

கூரை ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்ட்தான், கல்நார் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. சிமெண்ட் இறுக்கிப் பிடித்திருக்கும் வரை நார் சும்மா கிடக்கும். அறுத்தால், துளை போட்டால், உடைத்தால், கம்பி பிரஷ்ஷால் பாசியைச் சுரண்டினால், கண்ணுக்குத் தெரியாத தூளாகக் கிளம்பும். உள்ளே போனது நுரையீரலில் தங்கிவிடும். நோய் உடனே வராது. இருபது, முப்பது, நாற்பது ஆண்டுகள் கழித்து மூச்சிரைப்பாகவோ நுரையீரல் புற்றாகவோ வரும். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றும் இதனால் வருவதுதான். கல்நாரின் எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஆலையில் வேலை பார்த்த கணவனின் துணியை உதறித் துவைத்த மனைவிக்கும் நோய் வந்ததாக வெளிநாடுகளில் பதிவுகள் உண்டு.

என் தங்கை மகன் போன வருடம் இங்கே ஒரு பழைய வீட்டை விலை பேசினான். விற்பவர் நம்மூர்க்காரர். பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவர், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று பாரீஸ் பக்கம் குடியேறியவர். பேச்சுவார்த்தைக்கு என்னைத் துணைக்கு அழைத்தான். போனில் எல்லாம் பேசி முடித்தபின், "அண்ணே, கொல்லைக் கூரை எந்த வருஷம் போட்டது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அது அமியாந்த்தான் தம்பி. அப்பா காலத்தில் போட்டது" என்றார்.

அவருக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். அங்கே ஒரு ஃபிளாட்டை விற்றபோது கல்நார் இருக்கிறதா இல்லையா என்று ஆய்வாளரை வைத்துப் பார்த்து, அறிக்கையைப் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார். பிரான்ஸ் 1997 ஜனவரி 1 முதல் கல்நாரைத் தடை செய்துவிட்டது. 1997 ஜூலைக்கு முன் கட்ட அனுமதி வாங்கிய வீடு என்றால் விற்பவர் அந்த அறிக்கையைக் கொடுத்தே தீர வேண்டும். அதே மனிதர் அப்பா வீட்டைக் காரைக்காலில் விற்கும்போது ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்டால் சொல்வது அவரவர் மனசாட்சி. அவர் சொன்னார். புதுக் கூரைக்கு ஆகும் செலவை விலையில் கழித்துக்கொள்ளவும் சம்மதித்தார். நல்ல மனிதர்.

இதே வேறுபாட்டை ஒருமுறை நாடே பார்த்தது. கிளெமான்சோ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பல் 2005 கடைசி நாளில், உடலெங்கும் கல்நாரோடு, குஜராத்தின் அலங்கில் உடைக்கப்படுவதற்காகப் புறப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியது. 2006 பிப்ரவரியில் அதிபர் சிராக் திரும்ப அழைத்துக்கொண்டார். கடைசியில் அதை இங்கிலாந்தில் உடைத்தார்கள். அந்தக் கப்பல் வரவில்லை, ஆனால் கல்நார் இன்றும் கப்பல் கப்பலாக ரஷ்யா முதலான நாடுகளிலிருந்து நமக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆண்டுக்கு மூன்று லட்சம் டன்னுக்கு மேல். நம் உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியிலேயே கல்நார் ஆலைத் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவுகளை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நோய் எவ்வளவு மெதுவாக வரும் என்பது அந்த எண்ணிலேயே தெரிகிறது. ஆனால் அது ஆலைத் தொழிலாளிக்கு. நம் தெருவில் கூரை ஏறும் பையனுக்கு ஏது பதிவேடு?

அந்தப் பையனைத்தான் நான் நினைத்தேன். வீடு வாங்கியவனுக்கு ஆபத்து குறைவு. கூரையைப் பிரிப்பவனுக்குத்தான் அதிகம். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "நாலு பசங்கள ஏத்துனா ஒரு மணி நேரத்துல ஒடச்சுத் தள்ளிடலாம் ஐயா. ஒடஞ்சத தரை மேடாக்கப் போட்டுக்கலாம்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நம் பக்கம் வழக்கமே அதுதான். 2018 நவம்பரில் கஜா புயலில் உடைந்த ஷீட்டுகளையும் பல இடங்களில் வெறுங்கையால்தானே வாரினோம்?

ஒரு நாள் கூலி கூடுதலாகத் தருவதாகச் சொல்லி, வேறு விதமாகச் செய்யச் சொன்னோம். யாருக்காவது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஷீட் மேல் யாரும் நேரடியாகக் கால் வைக்கக் கூடாது. பழைய ஷீட் சொல்லாமல் கொள்ளாமல் உடையும், விழுந்து இடுப்பு ஒடிந்தவர்கள் நம் ஊரிலேயே உண்டு. கீழே சாரம் கட்டித்தான் கழற்ற வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக நனைக்க வேண்டும். ஜே போல்ட் துருப்பிடித்திருந்தால் போல்ட்டைத்தான் வெட்ட வேண்டும், ஷீட்டை அல்ல. முழு ஷீட்டாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும். துண்டோ துணி மாஸ்க்கோ போதாது. முகத்தில் இறுகப் பொருந்தும் எஃப்.எஃப்.பி.3 வகை மாஸ்க் வேண்டும். தரையை விளக்குமாற்றால் வறட்டுவறட்டென்று பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலை செய்தவர்கள் அங்கேயே குளித்து, உடுப்பை அங்கேயே அலச வேண்டும். இறக்கியதைக் கெட்டியான பாலிதீனில் சுற்றி, மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்டு அப்புறப்படுத்த வேண்டும்.

ஷீட் விரிசலில்லாமல் நல்ல நிலையில் இருந்தால் பிரிக்கவே வேண்டாம். சுரண்டாமல் பெயிண்ட் அடித்து, துளை போடாமல் விட்டுவிடலாம். கல்நாரா இல்லையா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது, அதற்கு ஆய்வகம் வேண்டும். ஆனால் ஷீட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 459 என்ற எண் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அது கல்நார் ஷீட்டுக்கான எண்.

வேலை நடந்த அன்று அடுத்த தெருவில் ஆடு வளர்க்கும் ஒரு அம்மா வந்து ஆறு ஷீட் கேட்டார். "நீங்க வேணாம்னு கழட்டுறதத்தானேய்யா கேக்குறேன். மழைக்கு ஒழுவுது" என்றார். என்ன சொல்வது? முழு ஷீட்டாக அவர் கொட்டகைக்குப் போனால் நேற்றுவரை இங்கே இருந்த மாதிரியேதான் இருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் கொட்டகைக்கு ஏற்றபடி அங்கே அறுப்பார்கள், துளை போடுவார்கள், பேரன் பக்கத்தில் நிற்பான். தங்கை மகன், "மாமா, நம்ம வீட்டுல வேணாம்னு சொல்றத அவங்க வீட்டுல எப்படி வைக்கிறது?" என்றான். விலையில் கழித்த பணத்தில் மீதம் இருந்தது. ஆறு தகர ஷீட் வாங்கிக் கொடுத்தான். அந்த அம்மாவுக்கு முழு சந்தோஷம் இல்லை, தகரம் வெயிலில் காயும் என்று சொல்லிக்கொண்டுதான் எடுத்துப் போனார். அவர் சொன்னதும் உண்மைதான். மேலே கொஞ்சம் கீற்று பரப்பிக்கொள்ளச் சொன்னோம்.

பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ பழைய வீடு பார்க்கப் போனால், பத்திரம், வில்லங்கம், தண்ணீர் என்ற பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும், அப்போதுதான் விலையில் பேச முடியும். விற்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.