தூக்கிப் போடுமுன் திறந்து பாருங்கள்!

பழைய சாமான் விஷயத்தில் நம் வீடுகளில் இரண்டு கட்சிகள் உண்டு. "கிடக்கட்டும், என்றைக்காவது உதவும்" என்று பரணில் ஏற்றுகிற கட்சி ஒன்று. "சனியன் தொலையட்டும்" என்று தெருவில் போகிற பழைய இரும்புக்காரரைக் கைதட்டிக் கூப்பிடுகிற கட்சி மற்றொன்று. கம்ப்யூட்டர் விஷயத்தில் இரண்டிலும் சேராத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்காக உங்களைச் சிலமலை வரையில் அழைத்துப் போகப் போகிறேன்.

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகிற சாலையில் இருக்கிறது சிலமலை. என் அக்காவை அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறது. அத்தானுக்குப் போடிமெட்டுக்கு அப்பால் மலைமேல் கொஞ்சம் ஏலத் தோட்டம். 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குவதிலேயே அவருக்குப் பாதி ஆயுள் கழிந்துவிட்டது. மகள் சிவில் டிப்ளமா படித்தவள். வீட்டிலிருந்தபடியே பிறர் கட்டும் வீடுகளுக்குப் பிளான் வரைந்து கொடுக்கிறாள். மாதத்துக்கு நாலு பிளான் கிடைத்தால் அப்பா, அம்மாவோடு ஊரில் இருப்பது. கிடைக்காவிட்டால் கோயம்புத்தூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவது. இதுதான் அவளுக்கும் அத்தானுக்கும் ஏற்பட்டிருந்த ஒப்பந்தம்.

அவளிடம் இருந்தது எச்.பி. இஸட் 420 என்ற கம்ப்யூட்டர். 2012-ல் சந்தைக்கு வந்த மாதிரி. இரண்டாம் கையாக வாங்கியது. 'ஒர்க்ஸ்டேஷன்' என்பார்கள். எஞ்சினீயர்களும் சினிமாக்காரர்களும் இரவு பகலாக வேலை வாங்குவதற்கென்றே செய்த முரட்டு ரகம். ஆனால் கடைசியில் அதன் நிலைமை என்ன தெரியுமா? காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு, நாலு தோசை தின்று, கை கழுவிக்கொண்டு வந்தால், அப்போதுதான் திரை வெளுக்கும்!

விசாரிக்கப் போன இடத்தில் ஒரு கடைக்காரர், "இது கிழம், இதற்குச் செலவழிப்பது வீண். புதிதாக வாங்க 70,000 ரூபாய் ஆகும்" என்று சொல்லிவிட்டார். அத்தான் உடனே, கையிருப்பில் இருந்த காயை ஏலத்துக்கு அனுப்பத் தீர்மானித்துவிட்டார். விலை இறங்கியிருந்த சமயம் அது!

ஏலக்காயின் போக்குத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போன அதே சரக்கு, 2022-ல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. காய் வைத்திருப்பவனுக்குப் பொறுமைதான் மூலதனம். அவசரத்துக்கு விற்பவன் அந்த மூலதனத்தையே விற்கிறான்.

"அத்தான், மூட்டையைக் கட்டுமுன் யந்திரத்தை ஒரு தரம் பார்த்துவிடலாமே" என்றேன்.

"பாரு, மாப்பிள்ளை. பார்க்கக் காசா, பணமா?" என்றார்.

விண்டோஸில் 'டாஸ்க் மானேஜர்' என்று ஒன்று உண்டு. வீட்டில் யார் உழைக்கிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள் என்று கோள் சொல்லும் பாட்டி மாதிரி. அதைத் திறந்தோம். மூளையாகிய பிராசஸர் நூற்றுக்கு ஆறு பங்குதான் வேலை செய்துகொண்டிருந்தது. ஹார்டு டிஸ்க்கோ நூற்றுக்கு நூறு! 8 ஜி.பி. ராம் நினைவகமும் வழிய வழிய நிரம்பியிருந்தது.

அத்தானுக்கு அவர் பாஷையிலேயே சொன்னேன்: "தோட்டத்தில் இருபது பேர் காய் எடுக்கிறார்கள். உலர்த்தும் அறையில் ஒரே ஒரு தட்டுத்தான் இருக்கிறது. காய் எடுக்க இன்னும் பத்துப் பேரைப் போட்டு என்ன பிரயோஜனம்?"

"தட்டைக் கூட்டணும்" என்றார் அத்தான். விஷயம் அவ்வளவுதான்.

பழைய ஹார்டு டிஸ்க் என்பது சுழலுகிற தட்டு. நிமிஷத்துக்கு 7,200 சுற்று; அதாவது வினாடிக்கு 120. வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வந்து சேரச் சராசரி அரைச் சுற்று ஆக வேண்டும். ஊசி நகர்வதற்கும் நேரம் பிடிக்கும். இப்படி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்க நேர்ந்தால், வினாடிக்கு நூறு தடவை படித்தாலே பெரிது. எஸ்.எஸ்.டி. என்னும் புது ரகத்தில் சுழலுவதும் கிடையாது, நகருவதும் கிடையாது. ஆயிரக் கணக்கில் படித்துத் தள்ளும்.

அடுத்த மாதம் சென்னை ரிச்சித் தெருவில் சாமான்களை வாங்கிக்கொண்டு போடி ரயில் ஏறினேன். 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று, 8 ஜி.பி. ராம் துண்டுகள் நாலு. இந்தத் துண்டுகள் விஷயத்தில் ஜாக்கிரதை! 'பி.சி.3-12800' என்ற எண்ணின் கடைசியில் ஆங்கில எழுத்து 'ஈ' உள்ள ரகம் இந்த யந்திரத்துக்குப் பொருந்தும். பெரிய சர்வர்களுக்கான 'ஆர்' ரகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் அது இதற்கு உதவாது.

அந்த ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதையை 2010-ஆம் ஆண்டு முடிவோடு நிறுத்திவிட்டு, அகலப் பாதையாக மாற்றினார்கள். 2023 ஜூன் 15-ந் தேதி மறுபடி போடிக்கு ரயில் வந்தது. ஊர்கள் மாறவில்லை, மலை மாறவில்லை, தண்டவாளம்தான் மாறியது. இப்போது சென்னையிலிருந்து ஏறினால் போடியிலேயே இறங்கலாம். அந்த மாற்றத்துக்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எங்களுக்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது.

முதலில் அவளுடைய படங்களை எல்லாம் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தோம். மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, பொத்தானை ஒரு தரம் அமுக்கி மிச்சமிருந்த மின்சாரத்தையும் போக்கினோம். உள்ளே எதையும் தொடுமுன் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டோம். நம் உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் ஒரு சில்லைக் கொன்றுவிடக் கூடும். மூடியைத் திறக்கத் திருப்புளியே வேண்டியிருக்கவில்லை. உள்ளே ஒரு கைப்பிடி செம்மண் தூசி! ஊதித் தள்ளினோம். பிராசஸரின் மேல் பூசியிருந்த பசை சுண்ணாம்பாக உலர்ந்திருந்தது. துடைத்துவிட்டுப் புதுப் பசை பூசினோம். கடிகாரத்துக்கான வட்டப் பாட்டரியையும் மாற்றினோம். போர்டில் உள்ள ஸாட்டா துளைகளில் இரண்டுக்குத்தான் வினாடிக்கு 6 கிகாபிட் வேகம் உண்டு. அவற்றில் ஒன்றில் எஸ்.எஸ்.டி.யைச் செருகினோம். ஸ்குரூ முடுக்கியது முழுக்க மருமகள்தான். நான் டார்ச் விளக்குப் பிடித்தேன்.

மொத்தச் செலவு 7,000 ரூபாயைத் தாண்டவில்லை. இப்போது பொத்தானை அமுக்கினால், தோசைக் கல்லில் ஊற்றிய மாவு வேகுமுன் திரை வந்துவிடுகிறது.

எல்லாம் இளமையாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். பிராசஸர் பழசு பழசுதான். விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கும் பட்டியலில் அது கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களோ 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டன. ஆகவே, எஸ்.எஸ்.டி.யை இரண்டாகப் பங்கிட்டோம். படம் வரைவது விண்டோஸ் பக்கம். அதற்கு இணையத் தொடர்பே கிடையாது. கடிதப் போக்குவரத்தும் பாங்கிக் கணக்கும் இலவசமான லினக்ஸ் பக்கம். நம் நாட்டு ஸி-டாக் நிறுவனம் உண்டாக்கிய 'பாஸ்' என்பதும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வீடியோ தயாரிப்பவர்களுக்கும் பெரிய முப்பரிமாணப் படம் செய்பவர்களுக்கும் இந்த வைத்தியம் போதாது. அவர்கள் புதிது வாங்குவதே நியாயம். வீட்டுப் பிளானுக்கு இது தாராளம்.

ஆகையால் நேயர்களே, யந்திரம் மெதுவாகப் போகிறது என்றால் முதலில், "எது எதற்காகக் காத்திருக்கிறது?" என்று கேளுங்கள். அது தெரிந்த பிறகு பணப்பையைத் திறக்கலாம். யாரோ 'கிழம்' என்று சொன்ன மாத்திரத்தில் திறக்க வேண்டாம்.

காய் மூட்டைகள் இன்னும் அறையிலேயே இருக்கின்றன. அந்த மாதம் மருமகள் ஐந்து பிளான் முடித்துக் கொடுத்தாள். கோயம்புத்தூர்ப் பேச்சு நின்றுவிட்டது. அத்தான் மட்டும் நான் ஊருக்குக் கிளம்பும்போது முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"ஏன் மாப்பிள்ளை, அந்த ரிச்சித் தெருவில் இதற்கும் ஏதாவது கிடைக்குமா?"