தண்ணீர் இறங்கும் மாதங்கள்

பங்குனி வெயிலில் பறவை பார்க்கக் கிளம்பினால் வீட்டில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். நம் ஏரிகள் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில். வேடந்தாங்கலில் கூட்டம் கூடுவது மார்கழி, தையில். பங்குனி பிறந்தால் பைனாகுலரை எடுத்து உள்ளே வைத்துவிடுவதே வழக்கம். ஆனால் பழனி மலையின் கிழக்கு அடிவாரத்தில், கன்னிவாடிப் பக்கத்து நீர்நிலைகளுக்கு நான் போவது பங்குனியிலும் சித்திரையிலும்தான். இங்கே வசந்தம் என்றால் தண்ணீர் இறங்கும் காலம். இறங்குகிற தண்ணீரை நம்பித்தான் அப்போது எல்லாம் வந்து கூடுகின்றன.

கன்னிவாடி ஒரு காலத்தில் பாளையம். இன்று புளியமரங்களும் தென்னந்தோப்புகளும் சூழ்ந்த பேரூர். அருகிலேயே நாயோடை நீர்த்தேக்கம் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி, ஆத்தூர்ப் பக்கம், பழனி மலைக்கும் சிறுமலைக்கும் நடுவே காமராஜர் நீர்த்தேக்கம். சுமார் 400 ஏக்கர். திண்டுக்கல்லுக்குக் குடிநீர் கொடுக்கும் இந்த ஏரி பறவைச் சரணாலயம் அல்ல. மேலே மலையில்தான் 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. அந்த மலையிலிருந்து இறங்கும் ஓடைகள்தான் இந்த ஏரிக்கு உயிர்.

கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த பரிசல்காரரிடம், "அண்ணே, தண்ணி இவ்வளவு கொறஞ்சிருச்சே, பறவை இருக்குமா?" என்று கேட்டேன். "கொறஞ்சாத்தான் தம்பி வரும். நெறஞ்சு கெடந்தா அதுக எங்க நிக்கும்?" என்றார். நீர்நிலைகளைப் பற்றி நான் படித்த பல பக்கங்கள் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

மஞ்சள்மூக்கு நாரையைப் பார்த்தால் அது புரியும். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, இடமும் வலமுமாக அசைத்தபடி, காலால் சேற்றைக் கிளறிக் கிளறி நடக்கிறது. கலங்கிய தண்ணீரில் கண்ணுக்கு வேலையில்லை. மீன் அலகில் பட்டால் போதும், அலகு மூடிவிடும். முழங்காலளவுத் தண்ணீர் இருந்தால்தான் இந்த வேட்டை நடக்கும். ஓரத்துச் சேற்றில் நத்தைகுத்தி நாரைகளும், அதற்கும் வெளியே ஈரமணலில் உள்ளான்களும் மேய்ந்தன. ஒவ்வொன்றின் காலும் அலகும் எவ்வளவு நீளமோ அவ்வளவு ஆழத்தில் அதற்கு இடம்.

நீர்ப்பரப்பின் மேல் மீசை ஆலாக்கள் பறந்தன. மார்கழியில் வெளுத்துக் கிடந்தவை இவையா என்று சந்தேகம் வரும். ஊர் திரும்புமுன் இனப்பெருக்கக் கோலம் பூண்டு, தலையில் கருந்தொப்பியும் வயிற்றில் கருஞ்சாம்பலுமாக மாறியிருந்தன. நீலச்சிறகு வாத்துகள் பெரும்பாலும் போய்விட்டன. தகைவிலான்கள் கொஞ்சம் மிச்சமிருந்தன.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது ஓர் ஆள்காட்டிக் குருவி. தண்ணீர் விலகிய சரளைத் தரையில், லேசாகக் குழித்த இடத்தில் நான்கு முட்டைகள். கல்லோடு கல்லாகக் கிடந்தன. முதலில் என்னைச் சுற்றிச் சுற்றிக் கத்தியது. நான் நன்றாகப் பின்வாங்கி ஒரு வேலமரத்தடியில் உட்கார்ந்த பிறகுதான் அடங்கியது. வெயில் ஏறியதும் பறவை எழுந்து விடுவிடுவென்று தண்ணீரோரம் ஓடி, வயிறு நனையும்படி அமிழ்ந்து எழுந்து, ஈரம் சொட்ட வந்து முட்டைகளின் மேல் உட்கார்ந்தது. சித்திரை வெயிலில் அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது மட்டுமில்லை, சூட்டிலிருந்து காப்பதும்தான். தண்ணீர் ஓடித் திரும்பும் தூரத்தில் இருந்தால்தான் அந்த முட்டைகள் பிழைக்கும்.

மலையடிவார ஓடைப்பக்கம் வந்தால் காட்சி மாறிவிடுகிறது. நீர்மருது வேரோரம் ஈரமண்ணில் கருநீலப் புலி வண்ணத்துப்பூச்சிகள் அப்பிக்கிடந்தன. இப்படி மண்ணில் உப்பு உறிஞ்சுபவை பெரும்பாலும் ஆண்கள். கோடைமழை விழத் தொடங்கும் இந்த மாதங்களில்தான் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கேயுள்ள சமவெளிகளுக்கும் குன்றுகளுக்கும் இடையே இவை கூட்டங்கூட்டமாக இடம்பெயர்கின்றன. பருவமழைக்குப் பின் வேறொரு தலைமுறை திரும்பும்.

இந்த ஊர்ப்பக்கம் கோடையில் தூர்வாருவதும் உண்டு. தூர்வாரத்தான் வேண்டும், குடிநீருக்கு ஆழம் தேவை. ஆனால் பொக்லைனை விட்டு ஏரி முழுவதையும் தொட்டிபோல ஒரே ஆழத்துக்குத் தோண்டினால் நாரைக்கும் உள்ளானுக்கும் நிற்க இடமிருக்காது. ஒரு பக்கக் கரையைச் சரிவாகவே விட்டுவைப்பதால் குடிநீர் பெரிதாகக் குறைந்துவிடாது. எந்த ஏரியில் வேலை தொடங்கினாலும் வரைபடத்திலேயே இதைக் குறித்துவிட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலை மறுபக்கமே வாங்கிக்கொள்ளும். இந்த அடிவாரம் மழைமறைவுப் பகுதி. அதனால் விருந்தாளிகள் போன பின்னும் புள்ளிமூக்கு வாத்தும் நீர்க்காகமும் ஐப்பசி வரை இந்த மிச்சத் தண்ணீரை வைத்தே காலம் தள்ள வேண்டும். ஒரு குளம் வற்றினால் அடுத்த குளம் பார்த்துப் பறக்கும். அடுத்த குளம் என்று ஒன்று இருக்கும்வரை.