எந்த ஊரு, எந்தத் தெரு

எங்க தாத்தனுக்கு அப்பன் யார், அவன் எந்த ஊரில் பிறந்தான் என்று இரண்டு நாடுகளில் எங்களைக் கேட்டார்கள். இலங்கையில் கேட்டது 1951-ல். தமிழ்நாட்டில் கேட்டது 1995-ல். இரண்டு தடவையும் வாய்ச்சொல் எடுபடவில்லை. காகிதம் கொண்டா என்றார்கள். காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவனிடம் என்ன காகிதம் இருக்கும்?

1948-ல் இலங்கை போட்ட பிரஜாவுரிமைச் சட்டம் அப்பன் வழியைத்தான் கேட்டது. நீ இலங்கையில் பிறந்தது போதாது, உன் அப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும். தாத்தன் அட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்தான். அவர் அப்பன் இந்தியாவில் பிறந்தவர். ஆகவே அந்தக் கதவு மூடிவிட்டது. 1949-ல் வேறொரு சட்டம் வந்தது. 1946 ஜனவரி 1-க்கு முன்னால் ஏழு வருஷம் விடாமல் குடியிருந்ததைக் கல்யாணமானவர்கள் நிரூபிக்க வேண்டும், கல்யாணமாகாதவர்கள் பத்து வருஷம். தாத்தன் மனுப் போட்டார். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் இருக்கும், தினம் பெரட்டுக்குப் போன ஆளின் பேர் அதில் விழுந்திருக்கும் என்று நம்பினார். தோட்டம் கைமாறிவிட்டது, பழைய செக்ரோலைக் கறையான் தின்றுவிட்டது என்று நாலு வரி எழுதிக் கொடுத்தார்கள். மனு தள்ளுபடி. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. உரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மற்றவர்கள் நாடற்றவர்கள்.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். போகிறாயா இருக்கிறாயா என்று எங்க லயத்தில் யாரும் வந்து கேட்டதில்லை. நாங்கள் 1973-ல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் கொஞ்ச நாள். பிறகு தாயகம் திரும்பியோருக்காக அரசாங்கம் தொடங்கிய தேயிலைத் தோட்டத்துக்கு நீலகிரிக்கு ஏற்றினார்கள். அங்கே அவன் எங்களை ‘இந்தியாக்காரன்’ என்றான். இங்கே இவன் ‘சிலோன்காரன்’ என்றான்.

1995-ல் தங்கச்சி ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டாள். சாதிச் சான்று வேண்டும். எங்கள் தாலுகா அலுவலகத்தில், நீங்க சிலோனிலிருந்து வந்தவங்க, பறையர்னு நாங்க எப்படி நம்புறது, பூர்வீகத்துல விசாரிச்சு எழுதி வாங்கிட்டு வா என்றார்கள். அலுவலகத்துக்கு வெளியே டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் வைத்திருந்தான். அவன் சான்று எதுவும் கேட்டதில்லை.

தகரப்பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தோட்டத்தில் பேர் வெட்டிய சீட்டு, அப்பாவின் பிறப்புப் பத்திரம். ஒன்றிலும் சாதி இல்லை. 1911 தொடங்கி இலங்கைக் கணக்கெடுப்பில் எங்களுக்கெல்லாம் ஒரே பேர், ‘இந்தியத் தமிழர்’. காகிதத்தில்தான் அந்த ஒற்றுமை. தோட்டத்தில் குடியான சாதிக்கு ஒரு லயம், பள்ளருக்கு ஒன்று, பறையருக்கு ஒன்று, சக்கிலியருக்கு ஒன்று என்று கங்காணி பிரித்து வைத்திருந்தான். துரைக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

தென்னாப்பிரிக்காவுக்குப் போனவர்களின் கதை வேறு. 1860 நவம்பர் 16-ந் தேதி ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை டர்பனில் கொண்டுபோய் இறக்கியது. 1911 வரைக்கும் நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் எண், பேர், அப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு, பச்சை வரை எழுதியிருக்கிறான் வெள்ளைக்காரன். ஒப்பந்தக் கூலி, ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! இன்றைக்கு அந்தப் பட்டியல் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. டர்பனில் இருக்கிற பேரன் எண்ணைத் தட்டினால் பூட்டனின் கிராமம் வந்து நிற்கிறது. பட்டியலைப் பார்த்துவிட்டு மூடிவைத்தவர்களும் உண்டு என்று கேள்வி. வீட்டில் சொல்லிவந்த சாதி ஒன்று, ஏட்டில் இருந்த சாதி வேறு.

இலங்கைக்குப் போனவனுக்கு அப்படி ஒப்பந்தமும் இல்லை, பட்டியலும் இல்லை. அவன் கங்காணியின் கடனில் போனான். அதனால் அவன் பேர் கங்காணியின் கடன் நோட்டில் இருந்தது. தேட வேண்டிய இடம் அதுதான் என்பது அப்பாயி பேசப் பேசத்தான் விளங்கியது.

அப்பாயிக்கு அப்போது எண்பதுக்கு மேல். புருஷன் பேரையும் சொல்லாது, மாமனார் பேரையும் சொல்லாது. பூட்டன் பேர் என்ன என்று கேட்டால் மூக்கைத் தொட்டுக் காட்டும். மூக்கனா என்றால் தலையாட்டும். மாமியார் சொன்னதை அப்படியே சொல்லும்: “துறையூருக்குப் பக்கத்து ஊரு. கொல்லிமலை தெரியுமாம். பஞ்சத்துல பெரிய கங்காணி வந்து, மாசியும் தேங்காயும் அங்க மண்ணுக்குள்ள கெடைக்கும்னு சொன்னானாம். தட்டப்பாறையில அடைச்சு வெச்சு, கழுத்துல தகரத்த மாட்டி, தூத்துக்குடியில கப்பலேத்துனாங்களாம்.” அந்தத் தகர வில்லையில் எழுத்தும் நம்பரும் இருக்கும். தோட்டத்தின் எண் அது. ஆளின் பேர் இருக்காது.

துறையூர்ப் பக்கம் போனேன். கிராமக் கணக்கில் பட்டாதாரர்கள் பேர் வரிசையாக இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு நிலம் இல்லை, ஆகவே பேரும் இல்லை. ‘சேரி நத்தம்’ என்று சர்வே எண் மட்டும் இருக்கிறது. இடம் இருக்கிறது, இருந்த ஆள் இல்லை. சேரியில் இரண்டு கிழவர்களுக்கு, கண்டிச் சீமைக்குப் போன ஒரு வகையறா உண்டு என்ற ஞாபகம் இருந்தது. பெரிய கங்காணி வீட்டில் கேளு என்றார்கள்.

கங்காணியின் பேரனுக்கு அறுபது வயசிருக்கும். கண்டிக் காசில் கட்டிய வீடு. தேக்குத் தூண், பித்தளைக் குமிழ் வைத்த கதவு. நான் திண்ணைக்குக் கீழே நின்றேன். உட்காரச் சொல்லவில்லை.

“எந்த ஊரு?”

சொன்னேன்.

“பூர்வீகம் இங்கயா? எந்தத் தெரு?”

அந்த ஊரில் இரண்டாவது கேள்விதான் கேள்வி. மூக்கன் வகையறா என்றேன். உள்ளே போய்ப் பழுப்பேறிய நோட்டு ஒன்றை எடுத்துவந்து, என் கையில் தராமல் தானே புரட்டி வாசித்தார்: “பறையன் கருப்பன் மகன் மூக்கன். பெ. 1. சி. 2. பற்று ரூபாய் 31.”

பூட்டனுக்கு அப்பன் பேர் கருப்பன் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அந்த வீட்டு வாசலில், வெயிலில் நின்று தெரிந்துகொண்டேன். சாதி, அப்பன் பேர், ஊர் மூன்றும் சேர்ந்திருக்கிற ஒரே ஏடு எங்களுக்கு அது.

31 ரூபாய் என்றால் கப்பல் கூலி, வழிச்சோறு, கம்பளி எல்லாம் கங்காணி போட்ட கணக்கு. அது தீராது. வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் கடன் தொகையை எழுதித் ‘துண்டு’ கொடுப்பார்கள். புதுத் தோட்டம் அதைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும், கடன் அங்கே தொடரும். 1921-ல் துண்டு முறையை ஒழித்துச் சட்டம் வந்தது. கடனை நம்பித்தான் ஆள் என்பது அதற்குப் பிறகும் இருந்தது. ஆள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு தனி. அந்தத் தேக்குத் தூணில் எங்கள் பங்கும் இருக்கிறது.

கிராம நிர்வாக அதிகாரி நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளவில்லை. தனியார் நோட்டு ஆவணமாகாதாம். கங்காணியின் பேரனிடம் வாயால் கேட்டார். அவர் திண்ணையில் சாய்ந்தபடி சொன்னார்: “நம்ம பறத்தெரு மூக்கன் வகையறாதான். எங்க பண்ணையாளுங்க. எனக்குத் தெரியாதா?” அதிகாரி அதை எழுதிக்கொண்டார். சேரிக் கிழவர்கள் அதே விஷயத்தை முதல்நாளே சொல்லியிருந்தார்கள். அதை எழுதவில்லை. என் அப்பாயி சொன்னதையும் யாரும் எழுதவில்லை. எங்களை அடிமையாக வைத்திருந்த வீட்டுக்காரன் வாயிலிருந்து வந்ததும் அது உண்மையாகிவிட்டது.

1996-ல் சான்று வந்தது. தங்கச்சி படித்து டீச்சரானாள். இலங்கையில் மிச்சமிருந்தவர்களுக்கு 2003-ல்தான் ஒரு சட்டம் போட்டு மொத்தமாகக் குடியுரிமை கொடுத்தார்கள். தாத்தன் கேட்டு ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து.

நோட்டில் ‘பெ. 1’ என்று இருக்கிறதே, அது என் பூட்டி. தாத்தன் போட்ட மனுவிலும் அவள் இல்லை, தாசில்தார் கேட்ட வம்சாவளியிலும் இல்லை. மாமனார் பேரைச் சொல்லாத அப்பாயி மாமியார் பேரைத் தாராளமாகச் சொல்லும். அது 1997-ல் இறந்துபோனது. அதற்கு முந்தின பொங்கலுக்கு உட்காரவைத்து எழுதிக்கொண்டேன். மாமியார் பேர் வெள்ளச்சி. அவளைப் பெத்தவள் சின்னாயி. பிறந்த ஊர் முசிறிப் பக்கம், ஆற்றங்கரை. வெள்ளச்சிக்கு வலது முழங்கையில் தேள் பச்சை குத்தியிருந்ததாம். ‘சி. 2’-ல் ஒன்று பொட்டப்புள்ளை. தோட்டத்துக்கு வந்த முதல் மழையிலேயே காய்ச்சலில் போய்விட்டது. அதற்குப் பேர் வைத்திருந்தார்களா என்று கேட்டேன். வைத்திருந்தார்களாம். மாமியார் அழுவாளே தவிர அந்தப் பேரைச் சொன்னதில்லை என்றது.