வீடு போனபின் நிற்கும் வாசற்செடி

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துக் காடுகளில், மே மாதக் கடைசியில், மேப்பிள் மரங்களுக்கிடையே கத்தரிப்பூ நிறத்தில் கொத்துக் கொத்தாக லைலாக் பூத்திருப்பதைக் காணலாம். காட்டுப்பூ என்று ரசித்துக் கடந்துபோகிற பயணி முக்கியமான ஒன்றைத் தவறவிடுகிறார் என்பேன். லைலாக்கின் தாயகம் பால்கன் மலைகளின் பாறைச் சரிவுகள். ஒட்டோமான் தோட்டங்கள் வழியாக 16ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவுக்கு வந்து, பின்னர் குடியேறிகளோடு கடல் கடந்தது. அடியில் பக்கக்கன்று விட்டு நின்ற இடத்திலேயே பெருகுமே தவிர, விதை விழுந்து அடர்காட்டுக்குள் முளைப்பது அரிது. ஆகவே நடுக்காட்டில் லைலாக் நின்றால், அங்கே ஒரு வாசல் இருந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பகுதியில் பாதிக்கு மேல் வயலும் மேய்ச்சல் நிலமும்தான். மேற்கே நல்ல மண்ணும், ஆலை நகரங்களில் கூலியும் இழுக்க, உழவர்கள் வெளியேறினார்கள்; காடு திரும்பியது. மரவீடு மக்கிவிட்டது. நிழலில் பூ குறைந்தாலும் லைலாக் சாகவில்லை. 1854இல் வெளிவந்த ‘வால்டன்’ நூலிலேயே அமெரிக்க எழுத்தாளர் தோரோ இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்.

வாழ்ந்தவர்களுக்குச் சாட்சி வேண்டுமானால், காடெங்கும் ஓடும் கல்சுவர்கள் போதாதா என்று கேட்கலாம். ஏருக்கு இடறிய கல்லை எங்காவது குவித்தாக வேண்டும். அந்தச் சுவர் கட்டாயத்தில் எழுந்தது. நம்மூரில் பாழடைந்த வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கைகூடக் குழம்புக்காக நட்டதுதான். லைலாக்குக்கு உண்ணக் கனி இல்லை. சில வாரங்களே பூ. ஓயாத வேலைக்கு நடுவில் வாசனைக்காக மட்டும் ஒருவர் குழி தோண்டியிருக்கிறார். அவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைச் சுவர் சொல்லும். எதற்கு ஆசைப்பட்டார்கள் என்பதை லைலாக்தான் சொல்லும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அந்த உழவர்களுக்கு முன்பே அது அபெனாக்கி மக்களின் நிலம். வந்தேறிச் செடியைக் கொண்டாடுவது அவர்களை மறைப்பதாகாதா? 1919இல் லைலாக்கையே மாநில மலராகவும் ஆக்கிவிட்டார்கள். மறுப்பு நியாயமானதுதான். ஆனால் லைலாக்கை மண்ணின் மலராக எண்ணும்போதுதான் அந்த மறைப்பு நடக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால், குடியேறிகளும் அங்கே சில தலைமுறைகளே தங்கியவர்கள் என்பது விளங்கும். எனவே காட்டில் லைலாக்கைக் கண்டால், முகரக் குனியும் முன் காலடியைப் பார்ப்பது நல்லது: பழைய வீட்டின் நிலவறைக் குழி பக்கத்தில்தான் இருக்கும்.